தலைப்பெழுத்தும் வீட்டுப்பெயரும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் நீங்கள் சின்னாளப்பட்டியை அடைவீர்கள். சேலை வாங்குகிற எவருக்கும் இவ்வூரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சுங்குடிச் சேலையும் செயற்கைப் பட்டுச் சேலையும் இதன் பெயரைத் தமிழ்நாட்டுக் கடைவீதிகளெல்லாம் கொண்டு சென்றவை. ஆனால் நாம் இன்று பார்க்கப்போவது சேலையை அன்று. அதை நெய்தவர்களின் பெயரை.

இவ்வூரின் தேவாங்கர் தெருவில் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் பெயர் என்ன என்று கேளுங்கள். நம் எல்லோரையும் போலவே ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் சொல்வார். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் புத்தகம் ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். ஆனால் அவர் வீட்டில் கல்யாணப் பேச்சு எழும் நாளில் வேறொரு பெயர் வெளியே வரும். வந்திருக்கும் பெரியவர், காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள், "உங்க வீட்டுப்பேரு என்னங்க?" என்று கேட்டுவிடுவார். விடையைப் பொறுத்தே பேச்சு தொடரும், அல்லது நிற்கும். எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லாத இந்த இரண்டாவது பெயர் எங்கிருந்து வந்தது? இனி எத்தனை காலம் இருக்கும்? இதை விளங்கிக்கொள்ள, பெயர்களை ஆராய்வதில் வெகுதூரம் சென்றுவிட்ட இங்கிலாந்தை முதலில் பார்த்துவிட்டு வருவோம்.

இங்கிலாந்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. 1066-இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னர் நிலமுள்ள குடும்பங்களிடையே அது மெல்லப் பரவியது. சாதாரண மக்களுக்கு வந்து சேர மேலும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயின. 1377 முதல் 1381 வரை மூன்று முறை தலைவரி வசூலித்தார்கள். ஒரே கிராமத்தில் பத்து ஜான்கள் இருந்தால் வரி கட்டிய ஜான் யார், கட்டாத ஜான் யார்? கணக்கெழுதுகிறவர் தொழிலையோ ஊரையோ தந்தையின் பெயரையோ சேர்த்து எழுதிக்கொண்டார். 1538-இல் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. அத்துடன் பெயர்கள் இறுகிவிட்டன. கொல்லனின் மகன் கொல்லனாக இல்லாவிட்டாலும் 'ஸ்மித்' என்றே எழுதப்பட்டான்.

அந்தப் பெயர்களில் நம் சின்னாளப்பட்டிக்காரர்களின் உறவினர்கள் போன்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள்! வீவர், வெப், வெப்ஸ்டர் ஆகிய மூன்றும் நெசவாளியைக் குறித்தவை. 'டையர்' சாயக்காரர். 'லிஸ்டர்' என்பவரும் சாயக்காரரே. இன்னும் சுவையானது ஒன்று உண்டு. கம்பளித் துணியை நெய்தபின் தொட்டியிலிட்டு, ஒருவகைக் களிமண் கரைத்த நீரில் காலால் மிதித்துத் துவைப்பார்கள். நூல்கள் நெருங்கித் துணி கெட்டிப்படும். இந்த வேலை செய்தவனுக்கு இங்கிலாந்தின் தென்கிழக்கில் 'ஃபுல்லர்' என்று பெயர், தென்மேற்கில் 'டக்கர்', வடக்கிலும் நடுப்பகுதியிலும் 'வாக்கர்'. துணியின் மேல் நடந்தவன் என்பதால் வாக்கர். தொழில் ஒன்று, பெயர் மூன்று. வட்டார வழக்கே குடும்பப்பெயராகிவிட்டது. மிதிப்பதற்கு எந்திரம் வந்து அத்தொழில் மறைந்த பிறகும், 1881-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை வைத்து வரைந்த படங்களில் டக்கர்கள் டெவன் பக்கத்திலேயே மொய்த்துக் கிடக்கிறார்கள்.

இப்படிப் பெயரைத் தேசப்படத்தில் வைத்துப் பார்க்கும் எண்ணத்தை 1890-இல் நூலாக எழுதியவர் ஹென்றி குப்பி என்பவர். அவர் விவசாயிகளின் பெயர்களை மட்டுமே கணக்கில் கொண்டார். நிலத்தை விட்டு அதிகம் நகராதவர்கள் அவர்களே என்பது அவருடைய வாதம். நல்ல வாதந்தான்.

பெயர்களை விஞ்ஞானிகளும் விட்டுவைக்கவில்லை. சார்லஸ் டார்வின் தம் மாமன் மகளையே மணந்தவர். அவருடைய மகன் ஜார்ஜ் டார்வின், இங்கிலாந்தில் இத்தகைய நெருங்கிய உறவுத் திருமணங்கள் எத்தனை என்று கண்டறிய விரும்பினார். மணமகன், மணமகள் இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருக்கும் திருமணங்களை எண்ணி, அதிலிருந்து 1875-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் பிரான்சிஸ் கால்ட்டன், வாட்சன் என்னும் இருவர் வேறொரு கேள்விக்கு விடை தேடினர். பழைய குடும்பப்பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன? பெயர் மகன் வழியாகவே செல்கிறது. ஒருவனுக்கு மகன் பிறக்காமல் போனால் அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும். எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சனின் கணக்கு காட்டியது. அதில் பிழை இருந்ததைப் பின்வந்தவர்கள் திருத்தினர். சராசரியாக ஒருவருக்கு ஒரு மகனுக்கு மேல் இருந்தால் பெயர் பிழைக்க வாய்ப்புண்டு. ஒன்றுக்குக் குறைந்தால் அழிவு நிச்சயம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னாளப்பட்டிக்குத் திரும்பும்போது நமக்கு வேண்டும்.

மகன் வழியாகவே செல்லும் இன்னொரு பொருளும் நம் உடலில் உண்டு. அது ஒய் குரோமோசோம். பெயரும் இதுவும் ஒரே வழியில் செல்வதால், ஒரே குடும்பப்பெயர் உடையவர்களுக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமல்லவா? ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ், தம் பெயரையே கொண்ட ஆண்களிடம் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார். சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஒரே வகை காணப்பட்டது. யார்க்ஷயரில் எப்போதோ வாழ்ந்த ஒரே மூதாதையை நோக்கி அது கைகாட்டியது.

இந்த ஆராய்ச்சிகளில் ஒன்றையாவது நம் தலைப்பெழுத்தை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா? முடியாது. ஓர் உதாரணம் பாருங்கள். 1930-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சி. வி. ராமனும், 1983-இல் அதே பரிசைப் பெற்ற எஸ். சந்திரசேகரும் ஒரே குடும்பத்தினர். ராமனின் அண்ணன் சுப்பிரமணிய அய்யரின் மகனே சந்திரசேகர். தாத்தா பெயர் சந்திரசேகரன். அது ராமனுக்குத் தலைப்பெழுத்தாக நிற்கிறது. பேரனுக்கோ சொந்தப் பெயராகவே வந்துவிட்டது. 'ராமன் விளைவு', 'சந்திரசேகர் எல்லை' என்று உலகம் சொல்லும்போது இருவரும் உறவினர் என்று பெயரைப் பார்த்து எவராவது கண்டுபிடிப்பாரா? 2009-இல் வேதியியல் பரிசு பெற்ற சிதம்பரத்துக்காரர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் நிலை இன்னும் வேடிக்கை. ராமகிருஷ்ணன் என்பது அவருடைய தந்தையின் பெயர். மேல்நாட்டு வழக்கப்படி விஞ்ஞானிகள் அவரை அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

நம்மிடம் குடும்பப்பெயர் போல் நின்றது சாதிப் பட்டம் ஒன்றுதான். அதையும் துறக்க வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. மாநாட்டுத் தலைவர் சௌந்தரபாண்டியன் தம் பெயரிலிருந்து பட்டத்தை நீக்கினார். பிறரும் பின்பற்றினர். என்னைக் கேட்டால், நல்ல காரியம் என்றே சொல்வேன். சரித்திர ஆராய்ச்சிக்கு ஒரு தடயம் குறைந்தது என்று அதற்காக வருந்த வேண்டியதில்லை. பட்டம் உண்மையில் குடும்பத்தைக் காட்டுவதே இல்லை என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே சாட்சி. 1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர், பெரும்பாலும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக, அந்த நேட்டால் நாட்டுக்குப் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டங்கள் இருந்தன. அங்கே நிலைத்த குடும்பங்கள் குடும்பப்பெயர் ஒன்று காட்ட வேண்டிவந்தபோது பலருக்குப் பட்டமே அந்த இடத்தில் அமர்ந்தது. முதலி 'மூட்லி' ஆயிற்று. பிள்ளை 'பில்லே' ஆயிற்று. இன்று டர்பனில் நாயுடு என்ற பெயருடைய இருவர் சந்தித்தால், உறவினராக இருப்பதைவிட இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது சின்னாளப்பட்டி வீட்டுப்பெயருக்கு வருவோம். இது பட்டத்தைப் போன்றது அன்று. இங்கிலாந்துக் குடும்பப்பெயரைப் போன்றது. தேவாங்கர்கள் தங்கள் மூதாதை தேவல முனிவர் என்பார்கள். அவர்களுடைய குலதெய்வம் சௌடேசுவரி அம்மன். புராணத்தைவிட உறுதியான சான்று அவர்கள் வீட்டுக்குள் ஒலிக்கும் மொழி. தமிழ்நாட்டுத் தேவாங்கர்களில் கன்னடம் பேசுவோரும் உண்டு, தெலுங்கு பேசுவோரும் உண்டு. விஜயநகரப் பேரரசின் காலத்திலும், அதன்பின் மதுரையை நாயக்கர்கள் ஆண்ட காலத்திலும் வடக்கேயிருந்து நெசவாளர் கூட்டங்கள் தெற்கு நோக்கி வந்தன. பாவும் ஊடையும் போல மொழியும் வீட்டுப்பெயரும் அவர்களுடன் சேர்ந்தே வந்தன.

தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் தேவாங்கர்களின் தெலுங்கு வீட்டுப்பெயர்கள் ஒரு நீண்ட வரிசையாக உள்ளன. 'ஆகாசம்', 'கொண்டா' என்றால் மலை, 'சல்லா' என்றால் மோர், 'சிந்தகாய்' என்றால் புளியங்காய், 'பொக்குல' என்றால் அடுப்புக் கரி, 'கத்தி', 'பிண்டி' என்றால் மாவு, 'உட்ல' என்றால் பானை தொங்கவிடும் உறி. நெசவுக்கு உரியவையும் உண்டு: 'பத்தி' பருத்தி, 'வஸ்த்ரால' துணி. ஒரு சமையலறையையும் தறிக்கூடத்தையும் எட்டிப் பார்த்தது போல் இருக்கிறதல்லவா? மோருக்கும் கரிக்கும் ஒரு குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை சொல்வார்கள். கதையை அப்படியே நம்ப வேண்டாம். பெயர் வந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த கதைகளே பெரும்பாலும். டக்கர் என்ற பெயர் உள்ள ஆங்கிலேயனுக்கும் அச்சொல்லின் பொருள் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. கொண்டா, சல்லா போன்ற பெயர்கள் வேறு தெலுங்குச் சமூகங்களிலும் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே எல்லோரும் ஒரு மரத்துக் கிளைகள் ஆகிவிட மாட்டார்கள்.

ஒரு சமூகத்துக்குள் மட்டும் வீட்டுப்பெயருக்கு ஒரு கண்டிப்பான வேலை உண்டு. ஒரே வீட்டுப்பெயர் உள்ளவர்கள் அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள். அவர்களுக்குள் திருமணம் கூடாது. ஜார்ஜ் டார்வின் தம் முறையை இங்கே கையாண்டிருந்தால் உறவுத் திருமணம் ஒன்றுகூட இல்லை என்று விடை வந்திருக்கும்! உண்மையோ வேறு. மாமன் மகளுக்கு வேறு வீட்டுப்பெயர், ஆகவே மணக்கலாம். ஆனால் பரம்பரைக் கூறுகளின் கணக்கில் சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒன்றே. இருவரும் நம்மோடு எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வீட்டுப்பெயர் இரத்த உறவு முழுவதையும் காட்டுவதில்லை. தந்தை வழிக் கயிறு ஒன்றை மட்டுமே காட்டுகிறது. தாய் வழியில் எத்தனை கயிறுகள் பின்னிக்கிடக்கின்றன என்பது அதற்குத் தெரியாது.

ஆந்திரத்தில் இந்தப் பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது. அங்கே வீட்டுப்பெயரே முதல் தலைப்பெழுத்து. நந்தமூரி தாரக ராமராவின் 'என்' அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் உண்டு. மருதூர் கோபாலன் ராமச்சந்திரனின் 'ஜி' தந்தையின் பெயர். பார்வைக்கு என்.டி.ஆர்., எம்.ஜி.ஆர். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. உள்ளே இருக்கும் ஏற்பாடு வேறு. தமிழ்நாட்டிலும் சிலர் வீட்டுப்பெயரை எழுத்துக்குள் பொதிந்து வைத்தார்கள். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் 'டி' தொகுளுவ என்ற வீட்டுப்பெயரே. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் போதும் என்று விட்டவர்களே அதிகம்.

எனவே சின்னாளப்பட்டியின் வீட்டுப்பெயர்கள் வாய்ச்சொல்லிலும் கல்யாணப் பேச்சிலும் மட்டும் வாழ்கின்றன. இப்போது கால்ட்டன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அதில் மகன்கள் ஒன்றுக்கும் குறைவு. குறைந்த குடும்பங்களே உள்ள வீட்டுப்பெயர் இரண்டு மூன்று தலைமுறையில் நின்றுவிடலாம். பெயர் எழுதப்பட்டிருந்தால் அது நின்றது என்றாவது தெரியும். பிள்ளைகள் தறியை விட்டுத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், தாங்களே பார்த்து மணந்துகொள்ளும்போது அந்தப் பெரியவரின் கேள்வியும் எழுவதில்லை. சாதி பார்க்காமல் மணப்பவர்களைக் கேள்வி தடுக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கேள்வியோடு விடையும் போய்விடுகிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெயர் இருந்தால், தாத்தாவிடம் அதை ஒருமுறை சொல்லச் சொல்லி, அவர் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள். பாட்டி பிறந்த வீட்டின் பெயரையும், அவருடைய தாயார் பிறந்த வீட்டின் பெயரையும் விடாதீர்கள். குப்பியும் கால்ட்டனும் தவறவிட்ட பாதி அதுதான். பக்கத்தில் ஊரின் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். சேலத்திலும் கோவையிலும் அருப்புக்கோட்டையிலும் தேவாங்கர்கள் இருக்கிறார்கள். நான்கு ஊர்ப் பட்டியல்களை அருகருகே வைத்தால், எந்தப் பெயர் எங்கே திரண்டிருக்கிறது, எது வழியில் நின்றுவிட்டது என்பது தெரியத் தொடங்கும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்.