சுவரும் கிணறும்: சொற்பிழையின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

தமிழ் கற்பிப்போர்க்கு ஒரு நோய் உண்டு. திருமண அழைப்பிதழைக் கையில் வாங்கினால், மணமக்கள் பெயரைப் படிக்குமுன் அதிலுள்ள ஒற்றுப்பிழைதான் கண்ணில் படும். 'அருகாமையில்' என்று யாரேனும் சொன்னால் முகம் சுளிப்போம். கல்லாமை, பொய்யாமை போல 'ஆமை' எதிர்மறை ஈறாயிற்றே, அருகாமை என்றால் அருகில் இல்லாமை ஆகாதா என்று கேட்போம். 'முயற்சிக்கிறேன்' என்பாரிடம், 'பயிற்சிக்கிறேன்' என்றும் சொல்வீரோ என்று வினவுவோம். வியப்பைக் குறிக்கும் 'இறும்பூது' மேடையில் பெருமிதத்திற்குப் பெயராகும்போது பல்லைக் கடித்துக்கொள்வோம். ஒரத்தநாட்டுப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்ந்துவரும் நாம், அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க நேர்ந்த கதை இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் கட்டுரையைத் திருத்தினோம். மழையில் இடிந்த தன் வீட்டைப் பற்றி எழுதியிருந்தான். 'சுவற்றில்' என்று ஐந்து இடங்களில் வந்தது. ஐந்தையும் சிவப்பு மையால் வளைத்தோம். சுவர் + இல் = சுவரில்; 'சுவறு' என்றால் வற்றுதல் என்று வகுப்பில் எல்லோர் முன்னும் விளக்கினோம். வகுப்பு சிரித்தது. அவன் எழுந்து, "ஐயா, ஆத்துல, கெணத்துலன்னு சொல்றத ஆற்றில், கிணற்றில்னு எழுதச் சொல்றீங்க. செவுத்துல மட்டும் ஏன் தப்பு?" என்றான். அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் சொந்தமாக ஒரு கட்டுரையும் எழுதவில்லை. உரைநூலைப் பார்த்தே எழுதித் தந்தான்.

அவன் கேள்வியில் இலக்கணம் இருந்தது. பேச்சுத் தமிழில் சுவர் 'செவுரு' என்று உகரம் பெற்று ஒலிக்கிறது. ரகர றகர வேறுபாடு நாவில் மறைந்து நெடுநாளாயிற்று. எனவே செவியளவில் 'செவுரு' ஆறு, சோறு, கிணறு ஆகியவற்றின் இனமாகிறது. அவற்றைப் போலவே ஒற்று இரட்டித்து வேற்றுமை உருபை ஏற்கிறது. அவன் விதியை மீறவில்லை. அறிந்த விதியை ஒரு சொல் கூடுதலாக நீட்டினான், அவ்வளவே.

இப்படி நீண்டவற்றையும் திரிந்தவற்றையும் நம் இலக்கண நூல்கள் எப்படி நடத்தின? 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் நன்னூலில் இயல்பு வழக்கை மூன்றாகப் பகுத்தார்: இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ. 'இல்முன்' என்பது முன்பின் மாறி 'முன்றில்' ஆனது. அதைப் பிழை என்று தள்ளாமல், இலக்கணமுடையது போலவே கொள்ளத்தக்கது என்று ஏற்றார்கள். 'அருமருந்தன்ன' என்பது சிதைந்து 'அருமந்த' ஆயிற்று. சோழநாடு 'சோணாடு' ஆயிற்று. நாம் பெருமையோடு சொல்லும் 'தஞ்சை'யும் தஞ்சாவூரின் மரூஉதான். காலம் கொண்டுவரும் சொல்லை விலக்க வேண்டியதில்லை என்ற கருத்து தொல்காப்பிய எச்சவியலிலேயே உண்டு.

நம் அடுக்களையைப் பார்த்தாலும் இது விளங்கும். எள்ளின் நெய்தான் எண்ணெய். அப்படியிருக்கத் தேங்காயெண்ணெய் என்கிறோம். மண்ணெண்ணெய் என்றும் சொல்கிறோம். மூலப்பொருளை மற்றவை கவர்ந்துகொண்டபின் எள்ளின் நெய்க்கு 'நல்லெண்ணெய்' என்று அடைமொழி தேவைப்பட்டது. மணத்தைக் குறித்த 'நாற்றம்' எதிர்ப்பொருளுக்குச் சென்றது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் பகுதி மக்கள் இன்றும் 'புது ஆறு' என்கிறார்கள். தொண்ணூறு ஆண்டு கடந்தும் அது புதிதா, வெட்டிய கால்வாய் ஆறாகுமா என்று கேட்டு யாரும் எரிச்சலுற்றதில்லை.

அப்படியானால் சில சொற்கள் மட்டும் ஏன் நம்மை எரிச்சலூட்டுகின்றன? தொல்காப்பிய மரபியல், வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்கிறது. உயர்ந்தோர் என்பதற்குக் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் நிலமும் சாதியும் ஒரே கையில் குவிந்திருந்த இக்காவிரிப் படுகையில் அச்சொல் யாரைக் குறித்திருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று. வயலில் நின்றவர் பேச்சு 'கொச்சை'. திண்ணையில் அமர்ந்தவர் பேச்சு 'வழக்கு'. ஐரோப்பியப் பாதிரியாரான வீரமாமுனிவர் மக்கள் பேசிய கொடுந்தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் இதே படுகையின் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. சமயம் பரப்ப வந்தவருக்கு மக்கள் பேச்சு தேவைப்பட்டது. உள்ளூர்ப் புலமைக்கு அது நெடுங்காலம் தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு நூற்பா நினைவுக்கு வருகிறது. ஒருவரைப் பன்மையால் குறிப்பது உலக வழக்கில் உயர்த்திச் சொல்வதே ஒழிய, இலக்கண நெறி அன்று என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். அதாவது, ஒரே ஆளை 'அவர் வந்தார்' என்பதே அடிப்படையில் ஒரு வழு! மரியாதை என்பது தமிழில் ஒரு பிழையாக நுழைந்து வழக்காக நிலைத்தது. அந்த இனிய பிழை யாருக்குச் செய்யப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது? பத்து வயதுப் பண்ணைவீட்டுப் பையன் அறுபது வயதுப் பண்ணையாளை 'அவன் வந்தான்' என்பான். ஒருமைக்கு ஒருமை, எழுவாய்க்கேற்ற பயனிலை, இலக்கணம் துல்லியம். கேட்டவர் யாருக்கும் செவி கூசவில்லை.

1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் இப்படுகையில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டியபோது கூலிக்காக மட்டும் போராடவில்லை; சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகவும் போராடினர். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. 'பண்ணையாள்' என்னும் சொல் மெல்லத் தேய்ந்து 'விவசாயத் தொழிலாளி' வந்தது. 'அவன்' 'அவர்' ஆவதற்குத்தான் எந்த அவசரச் சட்டமும் இல்லை. அம்மாற்றம் இன்னும் எல்லா ஊர்களிலும் முடிந்துவிடவில்லை.

எனவே திருத்தவே கூடாது என்பது எம் கருத்தன்று. எழுத்துத் தமிழ் ஊர் கடந்தும் காலம் கடந்தும் செல்ல வேண்டியது. அதற்கு ஒரு பொதுமை வேண்டும். நாம் இன்றும் 'சுவரில்' என்றே கற்பிக்கிறோம். 'முயல்கிறேன்' என்றே எழுதச் சொல்கிறோம். ஆனால் வகுப்பின் முன் உரக்கப் படித்துத் திருத்துவதை நிறுத்திவிட்டோம். ஓரத்தில் பென்சிலால் குறித்து, அம்மாணவர் எந்த விதியைப் பின்பற்றி அங்கு வந்து சேர்ந்தார் என்பதை முதலில் சொல்கிறோம்.

அந்த மாணவன் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டான். இடிந்த வீட்டைப் பற்றிய கட்டுரையில் ஐந்து வளையங்கள் இட்ட நாம், அந்த வீடு மீண்டும் கட்டப்பட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார் என்று எழுத வேண்டிய இடத்தில், இந்தப் பத்தியை எப்படித் தொடங்கினோம் என்பதையும் அன்பர்கள் கவனித்திருக்கக் கூடும்.