ஃபோர்க் ஆயில் எண் வந்த கதை

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஊற்றும் ஆயில் டப்பாவின் மேல் 5 டபிள்யூ, 10 டபிள்யூ, 15 டபிள்யூ என்று அச்சிட்டிருப்பார்கள். வண்டிக்காரர்கள் இதை ஆயிலின் "வெயிட்" என்று சொல்வது வழக்கம். உண்மையில் இது எடையே அல்ல! ஒரு லிட்டர் 5 டபிள்யூ ஆயிலையும் ஒரு லிட்டர் 20 டபிள்யூ ஆயிலையும் தராசில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்த எண் குறிக்க வருவது பாகுநிலையை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை. அதுவும் ஃபோர்க்குக்காகப் பிறந்த எண் அல்ல, என்ஜினிடம் கடன் வாங்கியது. இந்தக் கடன் கதை தெரியாமல் எண்ணை மட்டும் நம்பி ஆயில் மாற்றுபவர்கள்தான், புது ஆயில் ஊற்றியும் வண்டி குதிக்கிறதே என்று குழம்புகிறார்கள்.

ஆரம்ப கால வண்டிகளில் பெரும்பாலும் முன் பக்கம் ஆயிலுக்கு வேலையே இல்லை. கர்டர் ஃபோர்க் எனப்படும் இரும்புச் சட்டங்களும் ஒரு ஸ்பிரிங்கும்தான் இருந்தன. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி நான்கைந்து முறை துள்ளும். அதை அடக்க, இரண்டு தகடுகளுக்கு நடுவே உராயும் வட்டுகளை வைத்து ஒரு திருகால் இறுக்கினார்கள். சாலை மோசமென்றால் ஓட்டுபவரே கையால் திருகிக் கொள்வார். மழையில் நனைந்தால் அந்தப் பிடிப்பும் போய்விடும்.

ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாய்களை இங்கிலாந்தின் ஸ்காட் கம்பெனி 1908-லேயே தன் வண்டியில் வைத்தது. ஆனால் அதில் துள்ளலை அடக்க எதுவும் இல்லை. 1934-ல் டென்மார்க்கின் நிம்பஸ் வண்டி டெலஸ்கோபிக் ஃபோர்க்குடன் விற்பனைக்கு வந்தது. அதிலும் ஆயிலால் அடக்கும் அமைப்பு சில ஆண்டுகள் கழித்தே சேர்ந்தது. ஆயிலையே தடுப்பாகப் பயன்படுத்திய டெலஸ்கோபிக் ஃபோர்க்கை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்த பெருமை பி.எம்.டபிள்யூவையே சேரும். 1935-ல் வந்த ஆர்12, ஆர்17 ஆகிய மாடல்கள் அவை. குழாய் சறுக்கும்போது உள்ளே இருக்கும் ஆயில் சிறிய துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அந்தச் சிரமம்தான் துள்ளலை விழுங்குகிறது. விழுங்கிய சக்தி வெப்பமாக மாறுகிறது. அன்றிலிருந்து ஆயிலும் ஃபோர்க்கின் ஒரு பாகமாகிவிட்டது என்றே சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் ஆர்12-ஐ ஏராளமாகப் பயன்படுத்தியது. இங்கிலாந்தின் மேட்ச்லெஸ் கம்பெனி 1941-ல் "டெலிட்ராலிக்" என்ற பெயரில் இதே போன்ற ஃபோர்க்கைத் தன் ராணுவ வண்டியான ஜி3/எல்-இல் பொருத்தியது. போர் முடிந்ததும் மற்ற கம்பெனிகளும் வரிசையாக இதற்கு மாறின. 1949-ல் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டிலும் இந்த ஃபோர்க்தான். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு அதே அமைப்பு நம் ஊர்ச் சாலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் அந்தக் கடன் நடந்தது. அப்போது ஃபோர்க்குக்கென்று தனி ஆயில் கடைகளில் கிடையாது. பிரிட்டிஷ் கையேடுகள் சாதாரண என்ஜின் ஆயிலையே ஊற்றச் சொல்லின, எஸ்.ஏ.இ. 20 அல்லது எஸ்.ஏ.இ. 30. எஸ்.ஏ.இ. என்பது 1905-ல் தொடங்கிய அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம். 1911-ல் அது என்ஜின் ஆயிலுக்கு முதல் விதிமுறையை வெளியிட்டது. பின்னாளில் வந்த 20, 30, 40 என்ற எண்கள் பாகுநிலையைக் குறித்தன. அக்காலத்தில் பாகுநிலையை அளந்த விதம் மிக எளிமையானது. சேபோல்ட் கருவியில் 60 சி.சி. ஆயில் ஒரு சிறு துளை வழியே வடிய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். (யோசித்தால் ஃபோர்க்குக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்!) எண்ணுக்குப் பின்னால் வரும் டபிள்யூவும் "வெயிட்" அல்ல. அது "விண்டர்", அதாவது குளிர்காலம். என்ஜின் ஆயிலில் 10 டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்ற சோதனை. டபிள்யூ இல்லாத எண் 100 டிகிரி செல்சியஸில் அளந்தது. ஃபோர்க்கோ அந்தக் குளிருக்கும் போவதில்லை, அந்தக் கொதிப்புக்கும் போவதில்லை. சாலையின் சூட்டை ஒட்டியே இருக்கிறது.

பிறகு ஃபோர்க் ஆயில் என்று தனியாக விற்கத் தொடங்கிய கம்பெனிகள் பழகிப்போன எண்ணையே டப்பாவில் போட்டன. ஆனால் ஃபோர்க் ஆயிலில் இத்தனை டபிள்யூ என்றால் இத்தனை பாகுநிலை என்று கட்டாயப்படுத்தும் பொது விதி எதுவும் வரவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு 10 டபிள்யூ! 40 டிகிரி செல்சியஸில் அளந்தால் ஒரு கம்பெனியின் 10 டபிள்யூ 30 சென்டிஸ்டோக்குக்குக் கீழேயும், இன்னொன்றின் 10 டபிள்யூ 45-க்கு மேலேயும் இருக்கும். ஒருவருடைய 10, மற்றவருடைய 15-ஐ விடக் கெட்டியாக இருப்பதும் உண்டு. தொழிற்சாலை ஆயில்களுக்கு 1975-லேயே ஐ.எஸ்.ஓ. விதி வந்துவிட்டது. அதில் 32 என்றால் 40 டிகிரியில் 32 சென்டிஸ்டோக், பத்து சதவீதம் முன்னே பின்னே. இவ்வளவு தெளிவான முறை பக்கத்திலேயே இருந்தும் ஃபோர்க் ஆயில் விற்பவர்கள் பழைய எண்ணை விடாதது வியப்புதான்.

இருந்தும் அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பழைய ஃபோர்க்கின் அமைப்பே காரணம். அதில் ஓட்டுபவர் சரிசெய்ய எதுவும் இல்லை. உள்ளே ஒரு தண்டு, அதில் நிலையான துளைகள், அவ்வளவுதான். வண்டி மென்மையாகத் தெரிந்தால் கெட்டியான ஆயில், முரடாகத் தெரிந்தால் நீர்த்த ஆயில் என்பதே மலிவான வைத்தியம். இந்த வைத்தியத்துக்கு ஒரு எல்லை உண்டு. துளை வழியே ஆயில் ஓடும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே மெதுவான அசைவில் தொய்வாக இருக்கும் ஃபோர்க், கூர்மையான மேட்டில் ஏறும்போது கல்லாக நிற்கும். கெட்டியான ஆயில் முதல் குறையைக் கொஞ்சம் குறைத்து இரண்டாவதை அதிகமாக்கும். மேலும் அமுங்கிய ஃபோர்க் அடுத்த மேடு வருவதற்குள் எழுந்து வராது. தொடர்ந்து மேடுகள் வந்தால் வண்டி கீழேயே தங்கி, டயர் சாலையைப் பிடிக்காமல் தத்தும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அதிகம் இறங்குகிறது என்று 20 டபிள்யூ ஊற்றுபவர்கள் ஏராளம். ஆயில் இறங்கும் வேகத்தை மட்டுமே குறைக்கும், பிடித்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு இறங்கும் என்பதை ஸ்பிரிங்கும், ஆயிலுக்கு மேல் அடைபட்டிருக்கும் காற்றுமே தீர்மானிக்கின்றன.

1986-ல் ஹோண்டாவின் சி.ஆர்.250.ஆர் மோட்டோகிராஸ் வண்டியில் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் வந்தது. வெறும் துளைகளுக்குப் பதிலாக, அழுத்தம் கூடினால் வளைந்து வழிவிடும் மெல்லிய தகட்டு அடுக்கு அதில் வேலை செய்கிறது. இத்தகைய ஃபோர்க்குகள் நீர்த்த ஆயிலுக்காக, பெரும்பாலும் 40 டிகிரியில் 15 முதல் 20 சென்டிஸ்டோக் உள்ள ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டவை. பழைய பழக்கத்தில் இதில் 15 டபிள்யூ ஊற்றுவது, செய்து கொடுத்த கணக்கையே கலைப்பதாகும்.

ஆக, ஆயில் தேர்வு செய்பவர் முன்பக்க எண்ணை விட்டுவிட்டு, கம்பெனி வெளியிடும் விவரத்தாளில் 40 டிகிரி செல்சியஸ் சென்டிஸ்டோக் அளவைப் பார்க்க வேண்டும். வண்டிக் கம்பெனி சொன்ன ஆயிலின் அளவு தெரிந்தால் அதற்கு நெருங்கியதை எடுக்கலாம். மாற்றம் வேண்டுமென்றால் ஒரே கம்பெனியின் ஒரே வகைக்குள் ஒரு படி மட்டும் ஏறுவதோ இறங்குவதோ நல்லது. இடைப்பட்டது வேண்டுமென்றால் அந்த இரண்டையும் கலக்கலாம். ஆயிலின் உயரத்தையும் கையேட்டில் சொன்ன மில்லிமீட்டர்படி அளந்தே ஊற்ற வேண்டும். உயரம் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து ஃபோர்க் கடைசி இறக்கத்தில் விறைத்துக்கொள்ளும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1970-களின் ஹோண்டா கையேடுகள் பலவற்றில் ஃபோர்க்குக்கு ஏ.டி.எஃப், அதாவது கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றச் சொல்லியிருக்கும். பின்னாளில் வந்த டெக்ஸ்ரான் 3 வகை 40 டிகிரியில் ஏறத்தாழ 34 சென்டிஸ்டோக், பல கம்பெனிகளின் 10 டபிள்யூவுக்குப் பக்கம். 2005-க்குப் பிறகு அதன் இடத்தைப் பிடித்த டெக்ஸ்ரான் 6 சுமார் 30தான். அதற்கும் பின் வந்த சில ஏ.டி.எஃப்.கள் இன்னும் நீர்த்தவை. கையேட்டில் இருக்கும் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் வாங்கினால், அந்தப் பழைய ஃபோர்க்குக்கு வேறொரு ஆயில்தான் கிடைக்கும்.