கண்புரை

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் தெளிவிழந்து மங்கிப்போவதே கண்புரை. இது கண்ணின் மேல் படரும் சதையோ தோலோ அல்ல. கண்மணிக்குப் பின்னால், வெளியிலிருந்து தொட முடியாத இடத்தில் உண்டாவது. ஊர்ப்புறத்தில் "கண்ணில் பூ விழுந்திருக்கிறது" என்று சொல்லும்போது இரண்டு வேறு நோய்கள் ஒரே பெயருக்குள் வந்துவிடுகின்றன. முற்றி வெளுத்த புரையும் பூதான். கருவிழியில் புண் ஆறி விழுந்த வெள்ளைத் தழும்பும் பூதான். தழும்பைப் புரை அறுவை தீர்க்காது. எந்தப் பூ என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

புரையால் வரும் பார்வையிழப்பு எளிதில் மீட்கக்கூடியது. ஆனாலும் 2015 முதல் 2019 வரை இந்தியாவில் 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், பார்வையற்றோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் புரைக்கு அறுவை செய்துகொள்ளாதவர்கள். அவர்களில் பலர் மருத்துவரைப் பார்க்காமல் இருந்ததற்குப் பணமும் தூரமும் மட்டும் காரணமல்ல. "இன்னும் முத்தவில்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

லென்ஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு மைசூர்ப் பருப்பு என்று பொருள். வடிவமும் அதுவே: இருபுறமும் குவிந்தது, குறுக்களவு ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு நீர், மீதி பெரும்பாலும் புரதம். இதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. தோல் செல்லைப் போல இதன் பழைய செல்கள் உதிர்ந்து வெளியேறுவதும் இல்லை. புதிய அடுக்குகள் வெளிப்புறத்தில் சேரச் சேர, பழையவை உள்ளே அமுங்குகின்றன. எழுபது வயதுக்காரரின் லென்ஸ் நடுவில் இருக்கும் புரதம் அவர் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது. அத்தனை ஆண்டுகள் ஒளியைத் தாங்கிய புரதம் மெல்லத் திரிந்து திரள்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுப்பதைப் போல, திரிந்த புரதம் பிறகு பழைய தெளிவுக்குத் திரும்பாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து, மூலிகைச் சாறு, தேன் என்றெல்லாம் விற்கப்படுபவை பயன் தராததற்குக் காரணம் இதுதான். சாற்றைக் கண்ணில் விட்டுக் கருவிழியில் புண் வரவழைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

முதுமையே முதற்காரணம். சர்க்கரை நோய், புகைபிடித்தல், கண்ணில் பட்ட அடி, நெடுங்காலம் வெயிலில் உழைத்தல் ஆகியவை புரையை முன்கூட்டியே கொண்டுவரும். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை புரையுடனேயே பிறக்கக்கூடும். எளிதில் தவிர்க்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. மருத்துவர் ஒருமுறை எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, கண் சிவக்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்பவர்களுக்குப் புரையும் வரலாம், மீட்க முடியாத கண் நீர் அழுத்த நோயும் வரலாம்.

புரை வலிக்காது. எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கூசுவது, கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவது, நிறங்கள் பழுப்பேறித் தெரிவது, ஒற்றைக் கண்ணாலேயே நிலவு இரண்டாகத் தெரிவது ஆகியவை அதன் அடையாளங்கள். சிலருக்கு நல்ல செய்தி போலவே தொடங்கும். நடு லென்ஸ் இறுகும்போது கிட்டப்பார்வை கூடுவதால், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் அது இல்லாமலே நாளிதழ் படிக்கத் தொடங்குவார். தாத்தாவுக்குப் பார்வை திரும்பிவிட்டது என்று வீடே மகிழும். சில மாதங்களில் அந்தப் பார்வையும் மங்கிவிடும்.

முத்தும் வரை காத்திருத்தல்

இந்த வழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது சரியல்ல. ஒரு காலத்தில் அது மருத்துவர்களே சொன்ன அறிவுரை.

சுசுருத சம்ஹிதை விவரிக்கும் பழைய முறையில் புரையை எடுப்பதில்லை. கூர்கருவியால் அதைப் பார்வை வழியிலிருந்து விலக்கித் தள்ளிவிடுவார்கள். 1747இல் பிரான்சின் ஜாக் தவியேல் கண்ணைத் திறந்து புரையை வெளியே எடுத்தார். ஆனால் அந்த முறையில், முத்தாத புரையில் நடுக்கொட்டை மட்டும் வெளியே வரும். சுற்றியுள்ள மென்பகுதி ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். பழுத்த பழத்தில் கொட்டை கழன்றுவருவது போல, முற்றிய புரைதான் முழுதாக வந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வைக்க ஒன்றும் இல்லாததால், அறுவைக்குப் பின் 10 டயாப்டர் பவரில் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். அது உருவங்களை நான்கில் ஒரு பங்குக்குமேல் பெரிதாக்கிக் காட்டும். ஒரு கண்ணில் அறுவை செய்து மறுகண் நன்றாக இருந்தால் இரண்டு உருவங்களும் பொருந்தாமல் தலை சுற்றும். அதனால் இரு கண்ணும் மங்கும் வரை காத்திருப்பதே அன்று நியாயமாக இருந்தது.

அந்த நியாயம் 1949இல் ஆட்டம் காணத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டுகள் அழற்சி உண்டாக்காமல் கிடப்பதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, அதே பொருளில் லென்ஸ் செய்து லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். சகமருத்துவர்கள் பல ஆண்டுகள் அதை ஏற்கவில்லை. 1967இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தபோது கிடைத்த யோசனையால், நுண்ணதிர்வு ஊசியைக் கொண்டு புரையைக் கண்ணுக்குள்ளேயே பொடித்து உறிஞ்சும் ஃபேகோ முறையைக் கொண்டுவந்தார்.

இந்த முறைக்கு முத்தாத, மென்மையான புரையே வசதி. கல்லாக இறுகியதைப் பொடிக்கக் கூடுதல் அதிர்வு வேண்டும். அது கருவிழியின் உட்புறச் செல்களைக் கெடுக்கும். மேலும் விட்டுவைத்தால் புரை உப்பியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். அதுவரை வலிக்காத புரையில் கடும் வலியும் சிவப்பும் தோன்றும். அந்தக் கட்டத்தில் லென்ஸை எடுத்தாலும் பார்வை முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இன்று அறுவைக்கு நேரம் குறிப்பது நோயாளியின் அன்றாட வேலை. ஊசியில் நூல் கோக்கும் தையற்காரருக்கும் இரவில் லாரி ஓட்டுபவருக்கும் சிறிய புரையே இடைஞ்சல். வேலைக்குத் தடையில்லாதவர், மருத்துவர் வேறு காரணம் சொல்லாத வரை, பொறுத்திருக்கலாம்.

அறுவையும் அதற்கு முன்பும்

கண்ணுக்குள் பொருத்தப்போகும் லென்ஸின் பவரைக் கணிக்கக் கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் அளக்கப்படும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடிப் பவர் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் மாறிவிடும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட நாளில் சில மணி நேரம் பார்வை கலங்கும்; வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் காட்ட வேண்டும். சிறுநீர் தடைக்கு ஆண்கள் எடுக்கும் டாம்சுலோசின், அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள படலத்தைத் துவளவைக்கும். முன்பே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

ஃபேகோவில் வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டர். இன்னொரு முறையான சிறுவெட்டு அறுவையில் சற்றே பெரியது; அதற்கும் பெரும்பாலும் தையல் வேண்டாம், இயந்திரச் செலவும் குறைவு. 1976இல் மதுரையில் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைப் பெருவாரியாகச் செய்து காட்டியது. 1992இல் அங்கேயே எழுந்த ஆரோலேப், வெளிநாட்டு லென்ஸின் விலையில் சிறு பங்குக்கு லென்ஸ் செய்தது. இலவச முகாம் நோயாளிக்கும் சோடாபுட்டி தேவைப்படாமல் போனதற்கு அது பெருங்காரணம்.

சாதாரண லென்ஸ் தூரத்தைத் தெளிவாகக் காட்டும். படிக்கக் கண்ணாடி வேண்டும். பலகுவிய லென்ஸ் கண்ணாடியைக் குறைக்கும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் காட்டும். விலை உயர்ந்தது எல்லோருக்கும் சிறந்தது அல்ல. இரவு ஓட்டுநர் இதை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்

கட்டு அவிழ்த்ததும் சுவர் இவ்வளவு வெள்ளையா என்று வியப்பவர்கள் உண்டு. பழுப்பு வடிகட்டி போனதால் நீலம் பளிச்சென்று தெரியும். கண்ணைக் கசக்கக் கூடாது. தலைக்குக் குளிப்பதையும் அடுப்புப் புகையையும் மருத்துவர் சொல்லும் நாள் வரை தவிர்க்க வேண்டும். சொட்டு மருந்து வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் போட வேண்டும்: ஒரு சொட்டு போதும், குப்பியின் முனை இமையில் படக் கூடாது, இரண்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும். சாப்பாட்டில் பத்தியம் இல்லை. மீனும் முட்டையும் சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவர் அதைக் கட்டுக்குள் வைத்தால் போதும்.

வலி கூடுவது, சிவப்பு ஏறுவது, தெரிந்த பார்வை மறுபடி மங்குவது ஆகியவை உட்கண் தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். மறுபரிசோதனை நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். மின்னல் வெட்டுவது போலவோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலவோ தெரிந்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். அதற்கும் அவசரம் உண்டு.

எடுத்த புரை மறுபடி வராது. லென்ஸைத் தாங்கும் பின்னுறை மட்டும் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மங்கும். யாக் லேசரால் சில நிமிடங்களில், வெட்டு இல்லாமல் அதில் ஒரு துளை திறப்பார்கள். புரையையே லேசரில் எடுப்பதாக ஊரில் நிலவும் பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.