முதுகுவலியும் மென்மையான கைமுறைச் சிகிச்சையும்

பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் இடுப்புவலி புதிதன்று. குழித்தறியில் முன்சாய்ந்து அமர்ந்து மிதிப்போருக்கும், விசைத்தறியருகே நின்றே பணிபுரிவோருக்கும் கீழ்முதுகுத் தசைகள் எந்நேரமும் இறுகியே இருக்கும். ஒரு நாள் நூல் மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். உடனே “எலும்பு விலகிவிட்டது, தட்டி உட்கார வைக்க வேண்டும்” என்று அருகிலிருப்போர் கூறுவர். பெரும்பாலும் எலும்பு எதுவும் விலகியிருப்பதில்லை.

திடீரென வரும் இடுப்புவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். டிஸ்க் எனப்படும் இடைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினாலும், பிதுங்கிய பகுதியை உடலின் எதிர்ப்பு அணுக்களே பலருக்குச் சில மாதங்களில் கரைத்துச் சுருக்கிவிடுகின்றன. கைமுறைச் சிகிச்சை இதற்குத் துணை மட்டுமே. அது தசையிறுக்கத்தைத் தளர்த்தும். வலிக்கு அஞ்சி முடங்கியவரை அசையச் செய்யும். சித்த மருத்துவத்தின் தொக்கணம் ஒன்பது வகைப்படும். அவற்றுள் முறுக்கல், இழுத்தல் ஆகியனவும் உண்டு; எனினும் வலி மிகுந்த முதல் நாட்களில் மென்மையான அழுத்தலும் பிடித்தலுமே போதும். இயன்முறை மருத்துவர் மூட்டுகளை மெல்ல அசைப்பதும் இத்தகையதே. ‘சொடக்’ என்ற ஒலி கேட்டால்தான் பலன் என்று எண்ண வேண்டாம். அது மூட்டு நீரில் உண்டாகும் வாயுக்குமிழியின் ஒலி.

நாள்பட்ட கீழ்முதுகுவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, மசாஜ், முதுகுத்தண்டுக் கைமுறைச் சிகிச்சை ஆகியன அதன் பரிந்துரைகளில் அடங்கும். இடுப்புப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாக அளிக்க வேண்டாம் என்கிறது. (அறுவைக்குப் பின்போ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் அணியச் சொன்ன பெல்ட்டைத் தாங்களாகக் கழற்றாதீர்கள்.) திருத்தணி மலைப்படி ஏறலாமா என்று பலர் கேட்கின்றனர். வலி கூடாத அளவுக்கு நடப்பது நன்று. 365 படிகளையும் ஒரே மூச்சில் ஏற வேண்டியதில்லை.

எல்லை தாண்டி ஆந்திரத்தின் புத்தூருக்குக் கட்டுப் போடச் செல்வது நம் பகுதியின் நெடுநாள் வழக்கம். கை, கால் முறிவிலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதே நன்று. முதுகுத்தண்டோ முற்றிலும் வேறு. அதனுள் தண்டுவடம் செல்கிறது. விழுந்து அடிபட்டவரின் முதுகை எவரும் பிடித்துவிடவோ திருப்பவோ கூடாது. மூதாட்டியரின் எலும்பு தேய்ந்து மெலிந்திருக்கலாம். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவிலும் ஓயாத வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயின் அறிகுறிகளாகலாம். புற்றுநோயும் இவ்வாறு வெளிப்படுவதுண்டு. இவர்களுக்குப் பரிசோதனை முடியும்வரை தொக்கணமும் வேண்டாம். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதை எவரும் அனுமதிக்காதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்படக்கூடும்.

நடந்துவர இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் கழிந்தாலோ, மலவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ விடியும்வரை காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.