பழைய காருக்குப் புது அலாய் வீல்: போல்ட் பொருந்தினால் மட்டும் போதுமா? 'ஆஃப்செட்' பார்ப்பது ஏன் முக்கியம்?

பழைய காரை ஆசையாகப் புதுப்பிப்பவர்கள் முதலில் மாற்ற நினைப்பது வீலைத்தான். நட்டு, போல்ட் சரியாகப் பொருந்துகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். மாட்டி ஓட்டும்போதுதான் வளைவில் டயர் உரசும் சத்தம் கேட்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம், 'ஆஃப்செட்' என்ற அளவைக் கவனிக்காமல் விட்டதுதான்.

ஆஃப்செட் என்றால் என்ன?

ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் போய் உட்காரும் பகுதி அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட்.

* பூஜ்ஜியம்: உட்காரும் பகுதி சரியாக நடுக்கோட்டில் இருக்கும்.
* பாசிட்டிவ்: உட்காரும் பகுதி வெளிப்பக்கம் இருக்கும். அதனால் வீல் காருக்குள்ளே தள்ளி நிற்கும்.
* நெகட்டிவ்: உட்காரும் பகுதி உள்பக்கம் இருக்கும். வீல் மட்கார்டுக்கு வெளியே துருத்தும்.

தவறு எங்கே நடக்கிறது?

1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங் வி8 காரை எடுத்துக்கொள்வோம். அதன் வீலில் 5 நட்டுகள். அவை அமைந்துள்ள வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. இன்றைய ஹூண்டாய் கிரெட்டா போன்ற கார்களிலும் இதே 5 நட்டு, இதே 114.3 மி.மீ.தான். 'அப்படியானால் மாட்டிவிடலாமே' என்று தோன்றும். சிக்கலே அங்குதான்.

பழைய பின்சக்கர இயக்கக் கார்களில் ஆஃப்செட் பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் பிளஸ் 40, 45 என்பது சர்வசாதாரணம். 7 இன்ச் அகல ரிம்மில் பிளஸ் 45 என்றால், பூஜ்ஜிய ஆஃப்செட் ரிம்மைவிட 45 மி.மீ. உள்ளே போய் நிற்கும். ஸ்டீயரிங் டை ராட், பிரேக் ஹோஸ், பின்பக்க ஸ்பிரிங் பட்டை என எதில் வேண்டுமானாலும் அது இடிக்கலாம்.

ஸ்டைலுக்காக வெளியே தள்ளினாலும் ஆபத்துதான். வீல் பேரிங் மீது பாரம் கூடும், ஸ்டீயரிங் கனமாகும், பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டு விளிம்பு டயரையே கிழித்துவிடலாம்.

அளப்பது எப்படி?

ரிம்மின் முன்பக்கம் தரையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். பின்விளிம்பின் மேல் நேரான கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் பகுதிவரை அளக்க வேண்டும். இதன் பெயர் 'பேக்ஸ்பேசிங்'.

ரிம்மின் மொத்த அகலம், சொல்லப்படும் அளவைவிடச் சுமார் 1 இன்ச் கூடுதலாக இருக்கும். எனவே 7 இன்ச் ரிம்முக்கு 8 இன்ச் என்று கணக்கிட்டு, அதில் பாதியான 4 இன்ச்சை, அதாவது 101.6 மி.மீ.யைப் பேக்ஸ்பேசிங்கிலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவதுதான் ஆஃப்செட். அளவு 146.6 மி.மீ. வந்தால் ஆஃப்செட் பிளஸ் 45. அளவு 101.6-ஐவிடக் குறைந்தால் அது நெகட்டிவ்.

அடுத்து காரிலும் அளக்க வேண்டும். ஹப்பிலிருந்து உள்ளே முதலில் இடிக்கும் பாகம்வரை எவ்வளவு, வெளியே மட்கார்டு விளிம்புவரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும், சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் பார்ப்பது அவசியம். ரிம்மைவிட டயர் பிதுங்கி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அகலமான ரிம் போட்டால்?

5 இன்ச் ரிம்முக்குப் பதில் 7 இன்ச் போடும்போது, ஆஃப்செட் மாறாவிட்டால் உள்ளே 1 இன்ச், வெளியே 1 இன்ச் கூடும். உள்ளே இடமில்லை என்றால், ஆஃப்செட்டைச் சுமார் 25 மி.மீ. குறைக்க வேண்டும். அப்போது கூடும் 2 இன்ச்சும் வெளிப்பக்கமே போகும். அதற்கு மட்கார்டில் இடம் உண்டா என்பதுதான் கேள்வி.

ஸ்பேசர் போட்டுச் சமாளிக்கலாமா?

ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு ஸ்டட்டில் நட்டு பிடிக்கும் நீளம் குறைந்துவிடும். நீளமான ஸ்டட் மாற்றாமல் தடித்த ஸ்பேசர் போட்டால், ஓடும்போதே வீல் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே வீல் அளவை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான விண்டேஜ் பதிவுக்கு, வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால் பழைய வீல்களை விற்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் காரை அளந்துவிட்டு, அதற்கேற்ற வீலைத் தேடுங்கள். வீலை வாங்கிவிட்டு அதற்காகக் காரை வெட்டும் நிலை வரக் கூடாது.