இலங்கையில் கடனும் தலைமையும்: 1884 – 1961
ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சியை ஆராய்வோர் உற்பத்திக்கும் வர்த்தகத்துக்கும் அளிக்கும் கவனத்தைக் கடனுக்கு அளிப்பது அரிது. கடன் என்பது உற்பத்தியைப் பின்தொடரும் நிழல் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆனால் எவருக்குக் கடன் கிடைக்கின்றது, எவருக்கு மறுக்கப்படுகின்றது, அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், கடன் சமூக அதிகாரத்தின் ஓர் அங்கம் என்பது புலனாகும். இலங்கையில் 1884ஆம் ஆண்டின் வங்கி முறிவிலிருந்து 1961ஆம் ஆண்டின் வங்கித் தேசியமயம் வரையுள்ள காலப்பகுதியை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம். இக்காலத்தில் நிதித்துறையின் தலைமை பன்முறை கைமாறியது. தலைமை மாறியபோது கடன் வழங்கும் விதியும் மாறியதா என்பதே எமது வினா.

பெருந்தோட்டமும் நாணயமும்

கோப்பிச் செய்கை 1869ஆம் ஆண்டிலிருந்து பரவிய இலைநோயினால் நலிவுற்றது. தோட்டங்களுக்குப் பெருமளவில் கடன் வழங்கியிருந்த ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அவ்வங்கி வெளியிட்ட தாள்களே அன்று நாட்டில் பெருமளவு பணமாக வழங்கின. பீதியைத் தணிக்கும் பொருட்டுத் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அளித்தார். அதே ஆண்டின் காகித நாணயக் கட்டளைச் சட்டத்தின்படி தாள் நாணயம் வெளியிடும் உரிமை அரசுக்குரியதாயிற்று.

இவ்வாறு தோன்றிய நாணயச் சபை முறை 1950 வரை நீடித்தது. இம்முறையில் புழக்கத்திலுள்ள ஒவ்வொரு ரூபாவுக்கும் ஈடாக இந்திய ரூபாவோ வெளிநாட்டுப் பிணையங்களோ ஒதுக்காக இருத்தல் வேண்டும். ஏற்றுமதி வருவாய் பெருகினால் பணம் பெருகும். தேயிலை, இறப்பர், தெங்குப் பொருட்களின் விலை வீழ்ந்தால் பணமும் சுருங்கும். நெருக்கடிக் காலத்தில் பணத்தை விரிக்கும் ஆற்றல் நாட்டு நிர்வாகத்துக்கு இருக்கவில்லை. பேராதனைப் பொருளியற் பேராசிரியராக விளங்கிய எச். ஏ. டி எஸ். குணசேகர 1962இல் வெளியிட்ட தமது நூலில் இதனைச் சார்பு நாணயம் என்று விளக்கினார். இத்தகைய நாணயம் தனக்கென ஒரு கொள்கையைக் கொண்டிருத்தல் இயலாது என்பதே அதன் பொருள்.

கொழும்பிலிருந்த வெளிநாட்டு வங்கிகளின் நடைமுறையும் இவ்வமைப்புக்கு இசைந்ததாகவே இருந்தது. அவை ஏற்றுமதிப் பொருள் கப்பலேறும்போது எழும் உண்டியல்களுக்குக் குறுங்காலக் கடன் வழங்கின. சுதேசி விவசாயிக்கும் சிறு வர்த்தகருக்கும் அவற்றின் வாயில் திறக்கவில்லை. இனவேற்றுமை மாத்திரமே இதற்குக் காரணமன்று. உள்ளூரவரின் நாணயத்தை அறியும் வழி ஆங்கிலேய முகாமையாளரிடம் இருக்கவில்லை. அதனைத் தேடும் தேவையும் அவருக்கு ஏற்படவில்லை.

செட்டியார் தெரு

இவ்விடைவெளியை நிரப்பியோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே அரிசி, துணி வர்த்தகத்தோடு இலங்கைக்கு வந்த இவர்கள், கொழும்புச் செட்டியார் தெருவை மையமாகக் கொண்டு படிப்படியாக வட்டித்தொழிலில் நிலைபெற்றனர். செட்டிநாட்டிலிருந்த முதலாளியின் சார்பில் ஒரு முகவர் சில ஆண்டுகள் இங்கு தங்கித் தொழில் நடத்துவார். வெளிநாட்டு வங்கிகள் செட்டியாருக்கு மொத்தமாகக் கடன் வழங்கின. செட்டியார் அதனை உயர்ந்த வட்டிக்குச் சுதேசித் தோட்டச் சொந்தக்காரருக்கும் கடைக்காரருக்கும் வழங்கினார். வங்கியிடம் இல்லாத அறிவு, அதாவது இன்னார் கடனைத் திருப்பிக் கொடுப்பார், இன்னார் கொடார் என்னும் அறிவு, செட்டியாரின் உண்மையான மூலதனமாக அமைந்தது. 1973இல் வெளிவந்த டபிள்யூ. எஸ். வீரசூரியவின் நூல் இத்தொழிலின் அமைப்பை விரிவாக எடுத்துரைக்கின்றது.

செட்டியாரைக் குருதியுறிஞ்சும் வட்டிக்காரராகச் சித்திரிக்கும் மரபு ஒன்று உண்டு. அவரைச் சுதேசி முதலாளித்துவத்தின் செவிலித்தாயாகப் போற்றும் மரபும் உண்டு. இவ்விரண்டும் ஒரு முக்கிய உண்மையைக் காணத் தவறுகின்றன. செட்டியார் தனித்து இயங்கிய ஒரு சக்தியல்லர். பிரித்தானிய வங்கி மூலதனம் சுதேசிச் சந்தையைச் சென்றடைந்த வாய்க்கால் அவர். வாய்க்காலின் மடை வங்கியின் கையிலேயே இருந்தது. 1925இல் ஒரு செட்டியார் நிறுவனம் முறிந்ததைத் தொடர்ந்து வங்கிகள் செட்டியார்களுக்கு வழங்கிவந்த கடனைச் சுருக்கின. செட்டியார்கள் தமது கடனாளிகளை நெருக்கினர். நான்காண்டுகளின் பின்னர் உலகப் பெருமந்தம் தொடங்கியது. தெங்கு, இறப்பர் விலைகள் வீழ்ந்தபோது, ஈடுவைக்கப்பட்ட தோட்டங்கள் பல நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகச் செட்டியார் கைகளுக்குச் சென்றன.

கடனின் பாரம் இதனினும் கீழ்ப்படியிலிருந்தோரை வேறு வடிவிற் பிணித்தது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளி கங்காணியிடம் பெற்ற முற்பணத்தோடுதான் கடல் கடந்தான். அக்கடனைக் குறிக்கும் ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவனோடு கூடவே சென்றது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளி தன் உழைப்பை விற்குமுன்னரே கடனுக்கு விற்கப்பட்டிருந்தான்.

ஆணைக்குழுவும் இலங்கை வங்கியும்

1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அரசாங்க சபை அமைந்தது. தோட்டங்களை இழந்தும் இழக்கும் அச்சத்திலும் இருந்த சுதேசிச் செல்வந்தர் பலரின் குரல் அச்சபையில் ஒலித்தது. தேசிய வங்கி வேண்டும் என்னும் கோரிக்கையின் விளைவாக 1934இல் வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. பம்பாயில் இந்தியரின் முயற்சியால் 1911இல் எழுந்த சென்ட்ரல் வங்கியின் தாபகரான சேர் சொராப்ஜி பொச்கானவாலா அதன் தலைவரானார். அரச உதவியுடன் கூடிய ஒரு வங்கி நிறுவப்படல் வேண்டும் என அவ்வாணைக்குழு விதந்துரைத்தது. 1938ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இலங்கை வங்கி உருவாகி, 1939 ஓகஸ்ற் 1ஆந் திகதி தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட்டினாற் கொழும்பிலே திறந்துவைக்கப்பட்டது. சேர் ஏர்னஸ்ட் டி சில்வா அதன் முதல் தலைவர்.

இது குடியேற்ற நாட்டுச் சூழலில் ஒரு முன்னேற்றமான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. எனினும் இரு செய்திகளை இங்கு நோக்குதல் வேண்டும். முதலாவது, புதிய வங்கி கடன் வழங்கிய விதி பழைய வங்கிகளின் விதியிலிருந்து அடிப்படையில் வேறுபடவில்லை. ஈடு காட்டக்கூடியவருக்கே கடன் கிடைத்தது. ஈடு நிலமாகவோ கட்டடமாகவோ சரக்காகவோ இருந்தது. ஆகவே அதுவரை செட்டியாரிடம் சென்ற மேல்மட்டச் சுதேசிகள் வங்கிக்கு வந்தனர். கிராமத்தான் இருந்த இடத்திலேயே இருந்தான்.

இரண்டாவது, தேசிய வங்கிக்கான இயக்கம் அந்நிய மூலதனத்துக்கு எதிரான இயக்கமாகத் தொடங்கினும், அதன் கோபம் பிரித்தானிய வங்கியைவிட இந்திய வட்டிக்காரர்மீதே அதிகம் பாய்ந்தது. மடையை விட்டு வாய்க்காலை நோவது எளிதாயிருந்தது. இலங்கை வங்கி திறக்கப்பட்ட அதே 1939இலேயே அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக உழைத்த இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டனர். இதுபற்றிப் பேசுதற்கு ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். வட்டிக்காரரையும் கூலியாளையும் ‘இந்தியர்’ என்னும் ஒரே சொல்லுள் அடக்கிய அரசியலின் முழு விளைவை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தில் நாம் காண்கின்றோம். மூலதனத்தைப் பெருமளவு திருப்பிக் கொண்டுபோக முடிந்தவர் செட்டியார். உரிமையை இழந்து நின்றவர் தோட்டத் தொழிலாளர்.

ஐக்கிய நாணய சங்கங்கள்

இதே காலத்தில் வேறொரு பாதையும் திறந்திருந்தது. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் எழுந்த ஐக்கிய நாணய சங்கங்கள், செருமானியரான ரைபைசனின் நெறியைத் தழுவி, அங்கத்தவரின் வரையறையற்ற பொறுப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஒருவன் கடனைச் செலுத்தத் தவறினால் யாவரும் அதற்குப் பொறுப்பாவர். எனவே ஒருவனது நாணயத்தை அறிய நில உறுதி வேண்டியதில்லை. அயலவரின் அறிவு போதுமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வியக்கம் ஆழமாக வேரூன்றியது. அங்கு தேசவழமையால் ஏற்கப்பட்ட ஒற்றிமுறை நெடுங்காலமாக வழங்கிவந்தது. ஒற்றியில் நிலத்தின் விளைவே வட்டியாகக் கருதப்படும்; எனவே கடனாளி நிலத்தை இழக்காமலே அதன் பயனை இழப்பான். சிறுநிலச் சொந்தக்காரரான புகையிலை, வெங்காயச் செய்கையாளருக்கு நாணய சங்கம் இதற்கு மாற்றாக அமைந்தது. 1930களில் திருவிதாங்கூர்ச் சந்தைக்கான புகையிலையை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் மூளாய்க் கூட்டுறவு மருத்துவமனையும் தோன்றின. பாடசாலை ஆசிரியரும் இளைப்பாறிய எழுதுவினைஞரும் இச்சங்கங்களின் கணக்கெழுதும் தலைமையாயினர்.

எனினும் அயலவரின் அறிவில் அமைந்த அமைப்பு அயலின் ஏற்றத்தாழ்வையும் உள்வாங்கியது. நம்பத்தக்கவர் யார் என்பதைத் தீர்மானித்தவர் நிலமுடைய உயர்சாதியினரே. நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சங்கத்தின் அங்கத்துவமே எளிதிற் கிட்டாத ஒன்றாக இருந்த இடங்களுண்டு. கூட்டுறவைப் போற்றும் எழுத்துக்கள் இவ்வுண்மையை விரைந்து கடந்து விடுகின்றன.

மத்திய வங்கி முதல் மக்கள் வங்கி வரை

அரசியற் சுதந்திரத்தின் பின்னர், அமெரிக்கப் பொருளியலாளர் ஜோன் எக்ஸ்ரரின் அறிக்கையை அடியொற்றி 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1950 ஓகஸ்ற் 28இல் மத்திய வங்கி தொழிற்படத் தொடங்கியது. எக்ஸ்ரரே முதல் ஆளுநர், 1953இல் என். யூ. ஜயவர்த்தன அப்பதவியேற்ற முதல் இலங்கையரானார். நாணயக் கொள்கை வகுக்கும் ஆற்றல் நாட்டுக்குக் கிட்டியது. ஆயினும் 1957இல் நடத்தப்பட்ட கிராமியக் கடன் மதிப்பீடு, கிராமத்தவர் பெற்ற கடனின் பெரும்பகுதி உறவினர், நண்பர், நிலவுடைமையாளர், வட்டிக்காரர் ஆகிய தனியாரிடமிருந்தே வந்தது என்றும், அரசும் கூட்டுறவும் வழங்கியது சிறுபங்கே என்றும் காட்டிற்று.

இந்நிலையை மாற்ற முயன்றவர் விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தன. 1957இற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும் 1958இல் நெற்காணிச் சட்டத்தையும் கொணர்ந்த அவர், அவற்றுக்கு நிதிவலுவூட்டக் கூட்டுறவு அபிவிருத்தி வங்கியொன்றை முன்மொழிந்தார். அமைச்சரவையினுள்ளேயே கடும் எதிர்ப்பெழுந்தது. 1959இல் அவர் பதவி விலக நேர்ந்தது. குத்தகை விவசாயிக்கு நிலத்திலே பாதுகாப்பு வழங்கும் சட்டத்தைவிட, அவனுக்குக் கடன் வழங்கும் வங்கி சிலருக்கு ஆபத்தானதாகத் தோன்றியது போலும். நிலவுடைமையாளனின் பிடி நிலத்தில் மாத்திரமன்றிக் கடனிலும் தங்கியிருந்தமையே காரணம்.

1961 யூலை 1இல், டி. பி. இலங்கரத்ன அமைச்சராயிருந்த வேளை, மக்கள் வங்கி தோன்றியது. அதே ஆண்டு இலங்கை வங்கி தேசியமயமாக்கப்பட்டது. இலங்கைப் பிரசைகளிடமிருந்து புதிய வைப்புக்களைப் பெறுதற்கு வெளிநாட்டு வங்கிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1964இலிருந்து கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் பரவின. வங்கி முதன்முறையாகக் கிராமத்தை அடைந்தது. ஆனால் அங்கும் ஏழைப் பெண்ணுக்கு எளிதாகக் கிடைத்தது நகை அடகின்மீதான கடனே. ஈடு நிலத்திலிருந்து நகைக்கு இறங்கியது. ஈடு என்னும் விதி நீங்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது: நிதியின் தலைமை வெளிநாட்டு வங்கியிடமிருந்து சுதேசிச் செல்வந்தருக்கும் பின்னர் அரசுக்கும் கைமாறியது. நம்பிக்கைக்கு உரியவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் அத்துணை விரைவில் மாறவில்லை. உடைமை மாற்றம் அவசியமானது. ஆயினும் அது போதுமானதன்று.

இவ்வினா பழங்கதையன்று. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் விரிவுற்றபோது, பெண்களின் குழுப்பொறுப்பே ஈடாக்கப்பட்டது. கூட்டுறவின் பரஸ்பரப் பொறுப்பு இலாபத்தின் கருவியாயிற்று. 2018இல் அரசு ஒரு பகுதிக் கடனை நீக்க நேர்ந்ததும், 2021இல் ஹிங்குராக்கொடையிற் சிங்களக் கிராமப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் இச்சுமை இனவெல்லை கடந்தது என்பதைக் காட்டின. 2022இல் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனப் பிரகடனம் செய்தது.

இத்துறையில் ஆய்வு செய்வோர் ஆணைக்குழு அறிக்கைகளோடு நின்றுவிடலாகாது. ஐக்கிய நாணய சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள், செட்டியார் பேரேடுகள், ஒற்றி உறுதிகள் ஆகியவற்றிலேதான் கடன் கேட்டு மறுக்கப்பட்டவரின் சுவடுகள் உள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபின், எஞ்சிய இத்தகைய ஏடுகள் ஒவ்வொன்றும் விலைமதிப்பற்றவை. பழைய சங்கக் கட்டடங்களின் அலுமாரிகளிற் செல்லரிக்கும் அவ்வேடுகளைச் சேகரித்துப் பிரதிசெய்தல் பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.