ரயில்வேயில் களைப்பை அளந்த வரலாறு

நாடித்துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டை ஒளியால் கணித்து, பணியின் அழுத்தம் வீடு திரும்பிய பின்னும் உடலில் தங்கியிருக்கிறதா என ஊகிக்கும் மணிக்கட்டுக் கருவிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே, தன் ஊழியரின் களைப்பைக் கடிகாரத்தால் மட்டுமே அளந்தது. வேலைநேரம் குறித்த 1919ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கையை ஒட்டி வந்த 1930ஆம் ஆண்டு ரயில்வே சட்டத் திருத்தம், பொன்மலைப் பட்டறையைத் தொழிற்சாலைச் சட்டத்துக்கு விட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் போன்ற நிலையங்களின் பணியாளரை இரண்டாகப் பிரித்தது: தொடர்பணி செய்வோருக்கு வாரம் 60 மணி; இடையிடையே சும்மா இருக்க நேர்வதால் 'விட்டுவிட்டுச் செய்யும் பணி' எனப்பட்டதைச் செய்வோருக்கு 84 மணி. வண்டி எப்போது வரும் என்று காத்திருக்கும் கேட்காரரின் விழிப்பை ஓய்வாகக் கொள்வது விந்தையான கணக்குதான்.

ரயில்வே ஊழியரின் பணிநேரத் தகராறை விசாரித்த நீதிபதி ராஜாத்யக்ஷாவின் 1947ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இடைவிடாத கவனமோ கடும் உடலுழைப்போ கோரும் 'தீவிரப் பணி' என்னும் வகையைச் சேர்த்து அதற்கு 45 மணி நேரத்தை வரையறுத்ததோடு, மற்ற இரண்டின் உச்சவரம்பை முறையே 54, 75 எனக் குறைத்தது. எந்தப் பணி எந்த வகை என்ற சர்ச்சை எழுந்தால், ஊழியரின் அருகிலிருந்து அவர் செய்வதை நேரவாரியாகக் குறித்தெடுக்கும் 'பணிப் பகுப்பாய்வு' அதைத் தீர்த்தது. ஆயினும் அந்தக் குறிப்பேடு வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, இரவுப்பணி முடிந்து பகலில் வராத உறக்கம் அதில் ஏறியதுமில்லை.